அரக்கைத் தேடிய பிசின்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், மின்சார யந்திரங்கள் மேல்நாடுகளில் பெருகப் பெருக, அவற்றின் கம்பிச் சுருள்களுக்குக் காப்புப் பூச்சாகவும், மர சாமான்களுக்கு மெருகாகவும், கிராமபோன் தட்டுகளுக்கு மூலப்பொருளாகவும் வேண்டியிருந்த அவலரக்கின் விலை, வாங்குவோர் கவலைகொள்ளும்படி ஏறிக்கொண்டே இருந்தது. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாகபுரிப் பிரதேசத்துக் காடுகளில், புரசு, இலந்தை முதலான மரங்களின் கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சியிடமிருந்து கிடைத்தது. சுரண்டி எடுத்த அரக்கைக் கழுவி, நீண்ட துணிப்பையில் திணித்து, கரியடுப்பின் முன் வைத்து முறுக்கிப் பிழிவார்கள். உருகிக் கசிந்ததைத் தகடாக்கி, அது சூடாக இருக்கும்போதே தொழிலாளி தன் கைகளாலும் கால்களாலும் பற்களாலுங்கூடப் பற்றி நாற்புறமும் இழுத்து விரிப்பான். ஆறிய தகடு நொறுங்கி அவலாகும். இத்தனை கைப்பிரயாசை வேண்டிய ஒரு பதார்த்தத்தை அவசரத்துக்குப் பெருக்க முடியாதாகையால், அதைச் சோதனைக் குழாயிலே உண்டாக்கிவிட முடியுமா என்று ரசாயனிகள் ஆராய்ந்ததில் வியப்பில்லை.

வழி முன்னமே தெரிந்திருந்தது. கார்பாலிக் அமிலம் என்று வழங்கிய பீனாலையும் ஆல்டிஹைடுகளையும் சேர்த்தால் பிசின் போன்ற ஒன்று உண்டாவதை ஜெர்மானிய அறிஞர் அடால்ப் பான் பேயர் 1872-லேயே கண்டிருந்தார். படிகமாக வராத பொருளைத் தூய்மை செய்யவோ ஆராயவோ அக்காலத்தில் வழியில்லாமையால், அவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதைக் குறை சொல்வதற்கில்லை. புகைப்படத் தாள் வியாபாரத்தை ஈஸ்ட்மன் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வம் சம்பாதித்திருந்த பெல்ஜிய நாட்டு லியோ பேக்லண்ட், நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் சொந்த ஆராய்ச்சி சாலை அமைத்து, பீனாலையும் பார்மால்டிஹைடையும் கொண்டு முதலில் செய்தது சாராயத்தில் கரையும் ஓர் அரக்கு மாற்றுத்தான். அதை வாங்குவாரில்லை. பிறகு மரத்துண்டுகளில் இக்கலவையை ஊறவைத்து அவற்றை இறுக்கிவிடலாம் என்று முயன்றபோது, மரத்தைவிட வெளியே கசிந்து இறுகிய பொருளே கெட்டியாக இருக்கக் கண்டார். வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பிரயோகிக்கும் அவருடைய முறைக்கான உரிமை மனு 1907 ஜூலையில் தாக்கலாயிற்று. அதே வழியில் ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் இங்கிலாந்தில் மனுச் செய்யப் போனபோது ஒரு நாள் பிந்திவிட்டது என்பது பலரும் சொல்லும் செய்தி. ஆயினும் அவர் சோர்ந்துவிடாமல் 1910-ல் பர்மிங்ஹாமில் ஒரு கம்பெனி தொடங்கி, பித்தளைக் கட்டில்கள் கறுத்துப்போகாமல் காக்கும் பூச்சு ஒன்றை இப்பிசினிலிருந்தே செய்து விற்றார்.

பேக்லண்டின் பிசின் பேக்லைட் என்ற பெயரில் ஸ்விட்சுகளாகவும் கைப்பிடிகளாகவும் உலகெங்கும் பரவிய வரலாறு பலரும் அறிந்ததே. வர்ணத் தொழிலில் மாத்திரம் அது நெடுங்காலம் அந்நியமாகவே இருந்தது. காரணம் ஒன்றுதான்: எண்ணெயில் அது கரையாது, அக்காலத்து வார்னிஷ்காரனோ எண்ணெயை விட்டால் வேறு கதியற்றவன். அவன் கையாண்டது கோபால் முதலான புதைப்பிசின்கள். நியூஸிலாந்தின் வடபகுதியில் நீண்ட ஈட்டியால் சதுப்பு நிலத்தைக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்ட இடத்தில் தோண்டியெடுத்த கவுரிப் பிசினும் அவற்றில் ஒன்று. இவையும் எளிதில் கரைபவை அல்ல. செப்புக் கொப்பரையில் போட்டு 300 டிகிரி செல்ஸியஸுக்கு மேலே காய்ச்சி, எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கண்ணைக் கரிக்கும் புகையாய்ப் போனபின்னரே ஆளிவிதை எண்ணெயுடன் சேரும். சரியான பதத்தைக் கருவி எதுவும் சொல்லவில்லை. கொப்பரையிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு, ஆறியதும் விரல்களுக்கிடையே இழுத்து, நூல் எவ்வளவு நீள்கிறதென்று பார்த்து, காய்ச்சுபவனே தீர்மானிப்பான். ஒரு நிமிஷம் பிந்தினால் கொப்பரையில் இருப்பது முழுவதும் பாழ்.

பீனால் பிசினை இந்தக் கொப்பரைக்குள் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், வீஸ்பாடனை அடுத்திருந்த ஆல்பர்ட் ரசாயனத் தொழிற்சாலையில், பைன் மரத்துப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசினோடு பீனால் பிசினைக் கூட்டி, கிளிசரினையும் சேர்த்துக் காய்ச்சி, எண்ணெயில் இசைவாகக் கரையும் ஒரு புதுப் பிசினை உண்டாக்கினார்கள். வார்னிஷில் மிக மலிவான சரக்கென்று இகழப்பட்ட ரோசினின் துணையில்லாமல் நவீன ரசாயனத்தின் இப்பெருமிதமான சிருஷ்டி வர்ணக் கடைக்குள் நுழைய முடியவில்லை என்பது எனக்கு எப்போதும் சுவையாகவே தோன்றும்.

அடுத்து வந்த துணை சீன தேசத்து டங் எண்ணெய். நீரை எதிர்ப்பதிலும் விரைந்து உலர்வதிலும் அதற்கு நிகரில்லை; ஆனால் காய்ச்சும்போது திடீரென்று களியாக உறைந்துவிடுகிற சுபாவம் உடையது. ரோசின் கலந்த பீனால் பிசினை அதனோடு சேர்த்தால் அந்த உறைதல் தாமதப்படும், பிசினும் கரைந்துவிடும். இவ்விதமாகப் பிறந்ததே 1920-களில் அமெரிக்காவில் பிரசித்தமான 'நான்கு மணி' வார்னிஷ். காலையில் தரைக்குப் பூசினால் மாலையில் நடக்கலாம் என்ற வசதியை, ஒரு நாள் முழுதும் அறையைப் பூட்டிக் காத்திருந்து பழகியவர்கள் எவ்வளவு வியந்திருப்பார்கள்! அப்பத்தாண்டின் இறுதிக்குள், பீனாலிலேயே பருத்த பக்கக் கிளையுள்ள இனங்களைத் தேர்ந்து, ரோசினே இன்றி எண்ணெயில் கரையும் பிசின்களும் வந்துவிட்டன. பழைய ரோசின் வார்னிஷ்கள் தண்ணீர் நின்றால் வெளுத்துப்போகும், சோப்பு நீர் பட்டால் இளகும். இவையோ கொதிநீருக்கும் அசையாதிருந்தன. படகுகளின் பாய்மரம், வெளிவாசற் கதவு, நீராவி படியும் கூடம் ஆகிய இடங்களை இவை கைப்பற்றவே, கவுரிப் பிசின் தோண்டுவோரின் தொழில் தேய்ந்தது. 1937-ல் சீனாவில் யுத்தம் மூண்டு டங் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, ஆமணக்கெண்ணெயிலிருந்து நீர்க்கூறை நீக்கிய ஓர் எண்ணெயை அதன் இடத்தில் வைத்துக் காலம் தள்ளினார்கள்.

இத்தனை குணங்களுக்கும் இடையே ஒரு குறை உண்டு: நாளாக நாளாக மஞ்சளித்துப்போகும். வெள்ளை வர்ணத்துக்கு அது ஆகாது. வீட்டுச் சுவர்களையும் கதவுகளையும் ஆல்கிட் பிசின்களுக்கு விட்டுக்கொடுத்து, பீனால் பிசின் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போய்விட்டது. அமிலம் நிரப்பும் இரும்புத் தொட்டிகளின் உட்புறத்தில், எண்ணெய் சேராத சுத்தப் பிசினை மெல்லிதாகப் பூசிச் சூளையில் வாட்டுவார்கள். இறுகும்போது நீர் ஆவியாக வெளியேறுவதால் கனமாகப் பூசினால் கொப்புளிக்கும். ஆகவே பூச்சின்மேல் பூச்சாகப் பல தடவை. வெப்பம் ஏற ஏற வெளிர்மஞ்சள் பொன்னாகி, பொன் செம்பழுப்பாகும். அந்நிறத்தை மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டே வேலையாள் பதம் அறிவான். அமிலத்துக்கு அஞ்சாத இப்பூச்சுக் காரத்துக்கு இளகும், வளைத்தால் வெடிக்கும். இதைத் தீர்க்க இரண்டாம் உலகப் போருக்குப் பின் எபாக்சிப் பிசினோடு அதைச் சேர்த்தார்கள். மீனும் இறைச்சியும் அடைக்கும் டின்களின் உட்புறம் பொன்னிறமாகத் தோன்றச் செய்தது பெரும்பாலும் இக்கலவைதான். அங்கே மட்டும் மஞ்சள் நிறம் குறையாகக் கொள்ளப்படவில்லை. பூச்சு எங்கே விடுபட்டிருக்கிறதென்று சோதகர் கண்டுகொள்ள அந்நிறமே உதவிற்று.