கீழ்ப்பாக்கத்தில் ஒரு சனிக்கிழமை: ரசிகர் கூட்டமும் நம் வரலாறும்

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த ஏழு பையன்களோடு சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினேன். எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போஸ்டரை நம்பிக் கிளம்பியிருந்தோம்.

மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ரசிகர் கூட்டம் நமக்குப் புதிதல்ல. கட்அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி எல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தோம். அன்று மேடையில் நின்றது ஒரு நாயகன் அல்ல, 19 பேர். கோட் சூட் போட்டிருந்தார்கள். கிடார், டிரம்ஸுக்குப் பக்கத்தில் பறை, தவில், சட்டி, கட்டமோளம். பாடியது இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர். நம் வீட்டில் பேசுவதை ஸ்பீக்கரில் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தக் குழு ஒரே நாளில் முளைத்ததல்ல. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. இரஞ்சித் நம் திருவள்ளூர் மாவட்டம் ஆவடி அருகே உள்ள கரலப்பாக்கத்துக்காரர். குழுவின் பெயர் இன்னும் பழையது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதி பேதமற்ற' என்ற அடையாளத்திலிருந்து வந்தது. பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார், 1914இல் மறைந்தார். நூறாண்டு கழித்து அவருடைய சொல் ஒரு டிஷர்ட்டில் ஏறியது. வரலாறு புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை தோழர்களே.

கானா எங்கிருந்து வந்தது? கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் அந்த வழியாகத்தான் போவீர்கள். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரயில்வே தொழிலாளர்கள், மீனவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள் வாழ்ந்த, வாழ்கிற வடசென்னை. சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பாடியது கானா. செத்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டுவார்கள். பத்திரிகையில் இரங்கல் செய்தி வராத மனிதர்களுக்கு அதுதான் இரங்கல் செய்தி.

பெரம்பூர் பகுதியில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் இருந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்கள் சாதியாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. ஒரே மில்லில் ஒரே மெஷினில் நின்றவர்கள்தான் அவர்கள். உழைப்பு ஒன்றாக இருந்தாலே சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் 1921ஐப் படிக்க வேண்டும். இன்றைய சிப்காட் கேன்டீன் மேசைகளில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்த்தாலும் போதும்.

இன்னொரு பக்கம், 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் கர்நாடக இசை என்று ஆனது. அதே மார்கழியில் வடசென்னையில் பாடியதை யாரும் 'சீசன்' என்று சொல்லவில்லை. 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' நடத்தியபோது அந்த மாதத்தில் நமக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

சினிமா கானாவை எடுத்துக்கொண்டது. 1990களில் தேவாவின் இசையில் அது ஊரெல்லாம் ஒலித்தது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனின் முகமே திரையில் வந்தது. ஆனால் எத்தனை பேருக்கு அப்படி முகம் கிடைத்தது? பாட்டு நம்முடையது, பெயர் வேறு யாருடையதோ என்பது பழைய கதை.

2021இல் அதைத் திரும்பவும் பார்த்தோம். 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் பரவியது. எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த வரலாற்றை ஒரு பேரன் பாட்டாக்கினான். ஆகஸ்ட் மாதம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவன் முகம் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், ரசிகர்கள் கேட்டார்கள். பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. ரசிகர் கூட்டம் விசில் அடிக்க மட்டுமல்ல, கணக்குக் கேட்கவும் முடியும்.

அந்தக் கணக்கை நம் பக்கமும் கேட்போம். முதல் மேடையில் இருந்த 19 பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் அவர் வந்தது பெருமை. ஒருவர்தான் வந்தார் என்பது பெருமை அல்ல.

அன்றிரவுக்குத் திரும்புகிறேன். கடைசி ரயிலைப் பிடிக்கப் பாதியிலேயே கிளம்பினோம். ஏழு பேரில் ஒருவன் மட்டும் பேசவே இல்லை. பொன்னேரி தாண்டியதும் சொன்னான்: "அக்கா, எங்கப்பா நல்லா பறை அடிப்பாரு. ஆனா என்னைத் தொட விட்டதே இல்ல. ஊர்ல சாவுன்னா வந்து கூப்பிடுவாங்க, போகலன்னா பிரச்சினை. என்னோட போகட்டும்னு சொல்லிட்டாரு." மேடையில் பறையைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்ததாம். சந்தோஷமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. இன்று சொல்வேன். பறையைக் கீழே வைத்த அப்பாவும் மேடையில் தூக்கியவர்களும் எதிரெதிர் இல்லை. யாருக்காக, யார் கூப்பிட்டு, எந்தக் கூலிக்கு அடிப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். அப்பாவின் மறுப்புக்கு மேடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கேஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கொண்டாடும்போது அந்த மறுப்பையும் வரலாற்றில் எழுத வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் கானா பாடும், பறை அடிக்கும், அடிக்க மாட்டேன் என்று நிறுத்திய ஒருவரிடம் போய் உட்காருங்கள். போன் இருக்கிறது, அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். அட்டைப் படத்தில் நம் முகம் இல்லை என்று கேட்கிற நாம், நம் தெருவின் பெயர்களையாவது விடாமல் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.