அனந்தம்: பெயரா, அளவா?

ஆறு மாதமும் எட்டுச் சமயமும் சேர்ந்த காலத்துள் 608 ஜீவர்கள் வீடுபேறு எய்துவர் என்பது நம் ஆகம மரபு. எய்தியவர் மீள்வதில்லை, புதிய ஜீவன் தோன்றுவதுமில்லை. வரவின்றிச் செலவு மட்டும் நிகழுமாயின், சம்சாரம் ஒருநாள் வெறுமையாகிவிடாதோ?

அனந்தம் வெறும் பெயரா, மெய்யான அளவா என்பதைப் பொறுத்ததே இவ்வினாவின் விடை. ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் உரையை 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய வீரசேனாசாரியார், அனந்தம் என்னும் சொல்லின் பொருளைப் பதினொரு வகையாகப் பகுத்தார். அவற்றுள் நாமானந்தம் பெயரளவில் மட்டுமே அனந்தம். ஜீவர்களின் தொகைக்கு அவர் கொண்டதோ கணனானந்தம், எண்ணிக்கையைச் சார்ந்தது. ஒவ்வொன்றாகக் கழிக்கத் தீர்வது எத்துணைப் பெரிதாயினும் அசங்கியாதமே. தீராததே அனந்தம் என வரையறுத்தார்.

அனந்தத்துள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஜீவர்கள் அனந்தர், புத்கலங்களோ அவர்களினும் அனந்த மடங்கு என்பர் ஆசாரியர். முடிவிலிகள் அனைத்தும் ஒரே அளவின அல்ல என்பதை, 1874இல் ஜெர்மனியில் ஜார்ஜ் காண்டர் கணித முறையில் மெய்ப்பித்தார். இருவர் வழியும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஒன்றுக்கொன்று இணைத்து ஒப்பிடுதல் காண்டரின் கருவி. திரவியங்களின் தொகையை ஆராய்தல் நம் ஆசாரியரின் நோக்கம். ஆயினும் முடிவின்மையை அளவாகக் கொண்டு ஆராயும் துணிவு இருவர்க்கும் பொது.

வீடுபேறும் மெய், தீராச் சம்சாரமும் மெய். இவ்விரண்டும் முரணின்றி நிற்பது, அனந்தத்தை நம் முன்னோர் அளவாகக் கொண்டமையாலேயே.