வதந்திக்கு ஆதாரத்தால் பதில்: மேலப்பாளையம் 2020 தரும் பாடம்

2020 மார்ச் 31 அன்று தமிழகத்தில் கொரோனா தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை 124 ஆனது. அன்று அறிவிக்கப்பட்ட புதிய தொற்றாளர்களில் 22 பேர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த தப்லீக் ஜமாஅத் நிகழ்ச்சிக்குச் சென்று வந்தவர்களுக்கு மாநிலம் முழுவதும் பரிசோதனை நடந்த நேரம் அது. மேலப்பாளையத்தின் தெருக்கள் அடைக்கப்பட்டன.

அதே நாட்களில் முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்ற வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் குவிந்தன. உடன் வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்த நண்பர் என்று தெரிந்தவர்களே அவற்றை அனுப்பினார்கள். அன்று நம்மில் பலர் கோபப்பட்டோம், அல்லது குரூப்பை விட்டு வெளியேறினோம். இரண்டாலும் பொய் நிற்கவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது என்ன செய்வது?

முதலில் குற்றச்சாட்டுகளைப் பிரியுங்கள்

மர்கஸ் விவகாரத்தில் உண்மை, கருத்து, பொய் மூன்றும் கலந்திருந்தன.

• உண்மை: நிகழ்ச்சிக்குச் சென்றவர்கள் பலருக்குத் தொற்று இருந்தது. இதை மறுத்தால் நாம் சொல்லும் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

• கருத்து: கூட்டத்தை முன்பே கலைத்திருக்க வேண்டுமா? 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று டெல்லி அரசு அறிவித்தது மார்ச் 16 அன்று. நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 24 நள்ளிரவில் தொடங்கியது. இரண்டு தேதிகளையும் வைத்துத்தான் இதைப் பேச வேண்டும். நிர்வாகிகளை விமர்சிப்பவர் எல்லாம் முஸ்லிம்களின் எதிரி அல்லர்.

• பொய்: தப்லீக் ஜமாஅத்தினர் போலீசார் மீது துப்புகிறார்கள் என்று பரவிய ஒரு வீடியோ, மும்பையில் விசாரணைக் கைதி ஒருவர் தொடர்பானது. அது ஊரடங்குக்கு முன், பிப்ரவரியிலேயே வெளியானது. உத்தரப் பிரதேசம் சஹாரன்பூரில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் அசைவ உணவு கேட்டு ரகளை செய்தார்கள் என்ற செய்தியை, விசாரித்தபின் பொய் என்று அறிவித்தது அந்த மாவட்டக் காவல்துறையே.

ஆதாரத்தை எங்கே தேடுவது?

ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியை மட்டும் பார்த்ததில்லை. அது யார் வழியாக வந்தது, அவர் நம்பகமானவரா, தொடர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்றைய ஃபார்வேர்டுக்கும் அதே கேள்விகள் பொருந்தும். முதலில் சொன்னவர் யார்? எந்த ஊர்? எந்தத் தேதி?

எண்ணிக்கைக்கு அரசின் அன்றாட அறிக்கையைப் பாருங்கள். தமிழக சுகாதாரத்துறை சில நாட்களிலேயே டெல்லி மாநாடு என்று குறிப்பிடுவதை விட்டு, ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியது. மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரல் 8 அன்று எந்தச் சமூகத்தையும் நோய்க்குக் காரணமாக முத்திரை குத்தாதீர்கள் என்று அறிவுறுத்தியது. நம் நண்பருக்கு அனுப்ப இவை போதுமான ஆவணங்கள்.

வீடியோ என்றால் அதிலிருந்து ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆல்ட் நியூஸ், தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களையும் பாருங்கள். அவை எப்படி முடிவுக்கு வந்தன என்பதையும் படியுங்கள்.

நமக்குச் சாதகமான செய்திக்கும் இதே அளவுகோல்

2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் கூறியது. இதை 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எழுதினால் அது தவறு. அமர்வின் இன்னொரு நீதிபதி முடிவை ஏற்றாலும், சில கருத்துகளில் உடன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை ரத்து செய்தது. குற்றம் சாட்டியவர்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பை ஃபார்வேர்டு செய்தார்கள்? ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் நீதி, பொய் போன இடமெல்லாம் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் பொய் வந்த அன்றே பதில் சொல்லும் பயிற்சி நமக்குத் தேவை.

பதில் சொல்லும் முறை

1. அனுப்பியவரைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் பயத்தில் அனுப்பியிருப்பார். 'அண்ணே, இது பழைய வீடியோ, இதோ பாருங்க' என்று தனிச்செய்தியில் சொன்னால் அவரே நீக்கிவிட வாய்ப்பு அதிகம். குரூப்பில் அவமானப்பட்டவர் தன் தவறையே உறுதியாகப் பிடித்துக்கொள்வார்.

2. ஒரு செய்திக்கு ஒரு பதில், ஒரு ஆதாரம் போதும். பத்து லிங்க் அனுப்பினால் ஒன்றையும் படிக்க மாட்டார்.

3. அவர் சொன்னதில் சரியானது இருந்தால் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

4. உறுதியாகத் தெரியாவிட்டால் 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லி, மறக்காமல் சொல்லுங்கள்.

5. 'அவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று நாமும் திருப்பி எழுதக் கூடாது. நம்மீது அந்தச் சொல் வந்தபோது எப்படி வலித்தது என்பது நமக்குத் தெரியும்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம் கட்டளையிடுகிறது. அழகிய முறையில் விவாதிக்கும்படி அந்நஹ்ல் அத்தியாயத்தின் 125வது வசனம் கற்றுத் தருகிறது. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நாம், கையில் இருக்கும் போனில் அதைச் செய்து காட்டவும் வேண்டும். அடுத்து வரும் ஃபார்வேர்டை அனுப்பும் முன், வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.