கையகல மருதம்

மாந்தன் பெரியவற்றைக் கட்டிய வரலாறு நமக்குப் பள்ளிப் பருவத்திலேயே பாடமாகிவிட்டது. கோபுரம், கோட்டை, அணை, அரண்மனை என அது நீண்டு செல்கிறது. சிறியவற்றைக் கட்டிய வரலாறோ அத்துணை பேசப்படுவதில்லை. உழவு நிலத்தையும் கால்நடையையும் களஞ்சியத்தையும் ஒரு பலகையின்மேல் அடங்குமாறு சுருக்கி அமைக்கும் கலை அத்தகைய சிறியவற்றுள் ஒன்று. சிறுவர் விளையாட்டு என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாக, ஒன்றையொன்று அறியாத நாடுகளில், முதிர்ந்த கைவினைஞர் இதனைச் செய்து வந்துள்ளனர். அவர்கள் ஏன் செய்தனர்? செய்தபோது எவற்றை வைத்தனர், எவற்றை விட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடை காண்பதற்கு நம் கையிலேயே ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலாயின கருப்பொருள். மக்களின் ஒழுகலாறு உரிப்பொருள். சிற்றுருவப் பண்ணை அமைப்போருக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கிடைப்பது அரிது. மாட்டுப் பொம்மையும் ஏர்ப் பொம்மையும் கடையில் கிடைத்துவிடும். அவற்றைச் சுற்றி மண்ணும் நீரும் வரப்பும் மரநிழலும் அமைந்த பின்னரே அவை பண்ணையாகின்றன. எனவே பொம்மைகளைச் சற்று ஒதுக்கி வைத்து, அவை நிற்கும் நிலத்தை எவ்வாறு அமைத்தனர் என்பதையே நாடுதோறும் சென்று நோக்குவோம்.

முதலாவதாக எகிப்து. பண்டைய தீப்ஸ் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், மெக்கெட்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறை உள்ளது. இவர் இரண்டாம் மெண்டுஹோட்டெப் மன்னன் காலந்தொட்டு அரச பணியில் இருந்தவர். பழங்காலக் கொள்ளையர் அக்கல்லறையைச் சூறையாடினர். ஆனால் நடைபாதைத் தளத்தின்கீழ் மறைந்திருந்த ஒரு சிற்றறை அவர்தம் கண்ணுக்குத் தப்பியது. பிற்காலத்தே வந்து தோண்டிய ஆய்வாளரும் அதனைக் கண்டிலர். 1920ஆம் ஆண்டு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சார்பில் ஹெர்பர்ட் வின்லாக் நடத்திய அகழ்வில் அவ்வறை வெளிப்பட்டது. உள்ளே மரத்தால் செய்து வண்ணம் தீட்டிய 24 சிற்றுருவ அமைப்புகள் வைத்தவாறே இருந்தன. மாட்டுத் தொழுவம், களஞ்சியம், ரொட்டி சுடும் கூடம், நெசவுக் கூடம், தோட்டம், படகுகள் என ஒரு பெரும் பண்ணையின் வாழ்வு முழுவதும் அவற்றில் அடங்கியிருந்தது. அவை பின்னர் கெய்ரோவுக்கும் நியூயார்க்குக்கும் பங்கிடப்பட்டன.

அத்தோட்டத்தை நோக்குக. நடுவே ஒரு குளம். அதன் உட்புறம் செப்புத் தகட்டால் வேயப்பட்டது. ஆகவே உண்மையான நீரை ஊற்றி வைக்கத் தக்கது. குளத்தைச் சுற்றி அத்தி மரங்கள். ஒவ்வோர் இலையையும் தனித்தனியே செதுக்கிக் கிளையில் பொருத்தியிருக்கின்றனர். கனிகள் நுனிக் கொம்பில் தொங்கவில்லை. அடிமரத்தை ஒட்டியே காய்த்திருக்கின்றன. அத்தியின் இயல்பு அஃதே என்பதைக் கிராமத்தில் வளர்ந்த எவரும் அறிவர். இருண்ட அறையில் வைத்து மூடப்படுவதற்கென்றே செய்த ஒரு பொருளில் இத்துணை நுணுக்கம் எதற்கு? இறந்தவர்க்கு மறுமையிலும் உணவும் நிழலும் தடையின்றிக் கிட்ட வேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. பாலையின் விளிம்பில் வாழ்ந்தோர்க்கு நீரும் நிழலுமே பெருஞ்செல்வம். அவற்றையே அவர்கள் முதற்கண் அமைத்தனர்.

கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு அக்களஞ்சியம் வேறொரு வியப்பையும் அளிக்கிறது. அங்கே தானிய மூட்டை சுமப்போர் அறுவர். அளப்போரும் கணக்கு எழுதுவோரும் மேற்பார்ப்போருமாக ஒன்பதின்மர்! எழுத்தர் நால்வருள் இருவர் பாப்பிரஸ் சுருளிலும் இருவர் மரப்பலகையிலும் எழுதுகின்றனர். மாடுகளைக் கணக்கெடுக்கும் அமைப்பிலும் மண்டபத்தில் தலைவருக்கு அருகே எழுத்தர் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். நம் தொழில் 4,000 ஆண்டுத் தொன்மை உடையது என்று மகிழலாம். ஆனால் அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை. தலைவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. மூட்டை சுமந்த அறுவரின் பெயர் தெரியவில்லை. விளைச்சலைக் காட்டும் இக்காட்சி உண்மையில் உடைமையைக் காட்டும் காட்சி. எவர் நோக்கில் பண்ணை சுருக்கப்பட்டது என்னும் வினா இங்கேயே தோன்றிவிடுகிறது.

அடுத்துச் சீனம். கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை நிலவிய ஹான் பேரரசின் காலத்தில் சுட்ட மண்ணாலான வீடு, கிணறு, களஞ்சியம், திரிகை, கோழிக்கூடு, ஆட்டுப்பட்டி ஆகியவற்றைக் கல்லறைகளில் வைக்கும் வழக்கம் பெருகியது. அவற்றுள் பன்றித் தொழுவத்தின்மேல் கழிப்பிடம் அமைந்த உருவம் அடிக்கடி காணப்படுகிறது. அருவருப்பு என எண்ணி நாம் மறைக்கக்கூடிய ஒன்றை அவர்கள் ஏன் மண்ணில் வனைந்து வைத்தனர்? எரு இன்றி விளைவு இல்லை என்னும் உழவர் அறிவே அதன் காரணம் எனலாம். நிலத்தின் வளம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

தென்மேற்குச் சீனத்தில் கிடைத்த வேறொரு வகை தமிழர் நெஞ்சை இன்னும் நெருங்கி வருவது. ஒரு மண் தட்டு. அதன் ஒரு பாதி குளம், மறு பாதி நெல்வயல். இரண்டுக்கும் இடையே கரை. கரையில் நீர் திறக்கும் மதகு. குளத்தினுள் மீனும் ஆமையும் தாமரையும் உள்ளன. ஏரியும் மதகும் கழனியுமாக இஃது அப்படியே மருத நிலம் அன்றோ! கடல் கடந்து சென்று காணும் அயற்பொருளில் நம் ஊர்க் கண்மாயைக் காண்பது போன்ற உணர்வு தோன்றுகிறது. இவ்வமைப்பைச் செய்த குயவர் அழகுக்காக மட்டும் நீரை வைக்கவில்லை. நீர் எங்குத் தேங்கும், எவ்வழியே பாயும், எங்கு அடைபடும் என்பதையும் காட்டினார். நெல் உண்போர்க்கு மதகே உயிர்நிலை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி இங்கிலாந்து. அங்கே பண்ணை கல்லறையை விட்டு வெளியேறிச் சிறுவர் கைக்கு வந்துவிட்டது. இலண்டனில் இயங்கிய பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈயப் படைவீரர்களை வார்த்து விற்றது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, புறப்பகுதி இறுகியவுடன் எஞ்சியதைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உள்ள உருவம் கிடைக்கும். உலோகச் செலவும் எடையும் குறையும். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்குப் பின்னர் அந்நாட்டு வீடுகள் பலவற்றில் மகனோ தந்தையோ திரும்பவில்லை. படைவீரப் பொம்மையைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கப் பலர்க்கு மனம் வரவில்லை. 1920களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் பசு, ஆடு, குதிரை வண்டி, பால் கறக்கும் பெண், ஆட்டுக்குட்டி ஏந்திய இடையன் ஆகியோரை அதே ஈயத்தில் வார்க்கத் தொடங்கியது. வாளைக் கலப்பையாக்கும் கனவு ஒரு பொம்மைப் பட்டறையில் நனவாயிற்று எனலாம்.

அத்தொகுப்பில் மரமும் வாயிற்கதவும் உயிர்வேலியும் தனித்தனியே விற்கப்பட்டன. இவ்வேலியைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. ஊர்ப் பொதுவில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உரிமை பெற்றிருந்த எளியோர் பலர் அவற்றால் அவ்வுரிமையை இழந்தனர். இழந்த நிலத்தைச் சுற்றி நடப்பட்ட முட்செடியே பின்னர் நாட்டுப்புற அழகின் அடையாளமாயிற்று. அதன் பின்னும் கதை முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பெரும் பொறிகள் திரும்புவதற்கு இடம் வேண்டி உயிர்வேலிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காக்க 1997ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட வேண்டியதாயிற்று. வயலில் வேலி அழிந்தது. குழந்தையின் பெட்டியில் ஈய வேலி எஞ்சியது. எளியோர் இழந்ததை மறைத்த வேலியே மற்றோர் இழப்புக்குச் சான்றாகவும் நிற்கிறது.

அமெரிக்காவில் இவ்வியல்பு இன்னும் வெளிப்படை. 1935ஆம் ஆண்டு அந்நாட்டில் ஏறத்தாழ 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை ஏறத்தாழ 19 இலட்சமாகச் சுருங்கிவிட்டன. 1980களில் கடன் சுமையால் உழவர் குடும்பங்கள் பல நிலத்தை ஏலத்தில் இழந்தன. அத்துன்பக் காலத்தின் நடுவே, 1986ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்தின் டையர்ஸ்வில் என்னும் சிற்றூரில் பண்ணைப் பொம்மைகளுக்கெனத் தேசிய அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பண்ணை குறையக் குறைய அதன் சிற்றுருவம் பெருகுகிறது.

இன்று அந்நாடுகளில் இக்கலையில் ஈடுபடுவோர், 64இல் ஒரு பங்கு, 32இல் ஒரு பங்கு என அளவு வகுத்துக்கொண்டு நிலம் அமைக்கின்றனர். கம்பி வலையின்மேல் சாந்து பூசி மேடு எழுப்புகின்றனர். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் ஆக்குகின்றனர். வரிவரியாக நெய்த கார்டுராய்த் துணிக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினால் அஃது உழுத சால். தேங்காய்நார்க் கால்மிதியைத் துண்டாக்கிப் பதித்தால் அது முற்றிய கோதுமை வயல். வாயிலில் மிதிபடும் நார் அங்கே விளைந்த கதிராய் நிமிர்ந்து நிற்பது காணத்தக்க காட்சியே.

இவ்வளவும் கண்டபின் நம் இல்லத்துக்குத் திரும்புவோம். நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே தரையில் நம் மகளிர் அமைக்கும் சிற்றூர்க் காட்சி இவ்வுலக வரலாற்றில் ஒரு பகுதியே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. செங்கல்லை அடுக்கி மணல் பரப்பி, கசக்கிய தாளால் குன்று எழுப்பி, தாம்பாளத்தில் நீர் ஊற்றிக் குளம் ஆக்குகின்றனர். செட்டியார் பொம்மையின் முன்னே மெய்யான அரிசியும் பருப்பும் வைக்கின்றனர். மெக்கெட்ரேயின் களஞ்சியத்திலும் மெய்யான தானியமே இடப்பட்டிருந்தது. தமிழகத்துக்கு வெளியே, அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் வாழும் குடும்பங்களிலும் இக்காட்சிக்கு எவ்வாறோ இடம் கிடைத்துவிடுகிறது. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுட் பலர்க்கு வரப்பும் வாய்க்காலும் முதன்முதலாக அறிமுகமாவது அத்தரையில்தான்.

இக்கொலு வயலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எகிப்தியரின் செதுக்கிய இலை உதிர்வதில்லை. சீனக் குயவரின் தாமரை மலர்வதில்லை. ஈய வேலி தழைப்பதில்லை. அவற்றில் நிலம் உண்டு, பொழுது இல்லை. நம் மகளிரோ வெந்தயத்தையும் கடுகையும் கேழ்வரகையும் சில நாள் முன்னரே மணலில் விதைத்து நீர் தெளிக்கின்றனர். கொலு வைக்கும் நாளில் முளை எட்டிப் பார்க்கிறது. விழா நடுவில் பச்சை படர்கிறது. விசயதசமிக்குள் தலை சாயத் தொடங்குகிறது. நிலத்தோடு பொழுதும் கூடி அங்கே முதற்பொருள் முழுமை அடைகிறது. அதே நாட்களில் வடநாட்டு அண்டை வீட்டார் பூசை மாடத்தில் மண்கலத்தில் வாற்கோதுமையை முளைக்க வைக்கின்றனர். அவர்க்கு அது வழிபாடு, நமக்குக் காட்சி. இருவர் கையிலும் விதை ஒன்றே.

ஆயினும் நம் கொலு வயலில் குறை இல்லையா? உண்டு. குளம் இருக்கிறது, மதகு இல்லை. வயல் இருக்கிறது, நாற்று நடுவோர் பல வீடுகளில் இல்லை. மாடு இருக்கிறது, எருக்குழி இல்லை. அழகியவற்றை வைத்து, அவற்றை ஆக்கியவற்றை விட்டுவிடுகிறோம். மெக்கெட்ரேயின் தச்சரேனும் மூட்டை சுமந்தோரைப் பெயரின்றி நிறுத்தினர். நாமோ நிறுத்தவே மறக்கிறோம். ஊரை விட்டு வந்த தலைமுறை தன் பிள்ளைகட்கு விட்டுச் செல்லும் நினைவு இவ்வாறு பாதியாகவே போய்ச் சேரலாமா?

அடுத்த கொலுவில் களிமண்ணால் ஒரு மதகு செய்து குளக்கரையில் பொருத்துவோம். குனிந்து நடும் பெண்டிர் நால்வரை வயலில் நிறுத்துவோம். தோண்டிய வாய்க்காலில் நீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுவோம். நீர் எவ்வழி செல்கிறது, எவர் கை பட்டுப் பயிராகிறது என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல நாமும் நம் ஊரை ஒருமுறை நினைவில் உழ வேண்டியிருக்கும்.