மணல்தான் மதில்

எர்ணாவூருக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். புயல் என்றால் பிற ஊர்களில் காற்றையும் மழையையும் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். இந்த ஊருக்கு அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு: கடல் எவ்வளவு ஏறும்? ஏறிய நேரத்தில் ஆற்றுநீர் எங்கே வடியும்? எண்ணூர் விரைவு சாலையோரம் கொட்டிக்கிடக்கும் கருங்கல்லைப் பார்ப்பவருக்கு, கடலைத் தடுக்க ஏற்பாடு பலமாகவே இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கல் அங்கே வர நேர்ந்ததற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. புயல் அலையிலிருந்து வடசென்னையைக் காத்துவந்தவை மணற்கரையும் கழிவெளியும். அவ்விரண்டையும் தேயவிட்ட பிறகுதான் கல்லைத் தேடத் தொடங்கினோம் என்பதே அந்த வரலாறு சொல்வது.

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் வாய்க்கவில்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. 1746இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை, அடுத்த மாதமே, அக்டோபரில், ஒரு புயல் சிதறடித்தது. கப்பலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற வணிகர்களின் கோரிக்கை 19ஆம் நூற்றாண்டில்தான் நிறைவேறத் தொடங்கியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல் கரங்கள், கிழக்கே பார்த்த வாயில் என்பது பொறியாளர் வில்லியம் பார்க்ஸின் திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அந்தக் கரங்களை உடைத்துப்போட்டது. மீண்டும் கட்டினார்கள். 1904இல் தலைமைப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார்கள். கப்பல்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது.

கரைக்குக் கிடைத்தது வேறு. சோழகக் காற்றின் மாதங்களில் அலைகள் கரையில் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் அது தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதே மிகுதி, ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர். அதன் வழியில் குறுக்கே நீண்டது துறைமுகம். தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போக, 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று மணல் வரவு நின்ற கரைகளைக் கடல் வரிசையாகத் தின்றது. வலை காயவைக்கவும் படகை ஏற்றவும் இருந்த இடம் முதலில் போனது, பிறகு குப்பங்களின் தெருக்கள். அகலமான மணற்கரை புயல் அலையின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அரிபட்டு, பிறகு அமைதிக் காலத்தில் மீண்டும் நிரம்பும். நிரப்ப மணல் வராத கரையில் ஒவ்வொரு புயலும் முந்தைய புயல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

கல் கொட்டாமல் இருந்திருந்தால் சாலையும் வீடுகளும் மிஞ்சியிருக்குமா என்று கேட்பது நியாயம்தான். மிஞ்சியிருக்காது. 2000களில் இந்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீளுமாறு கல்லால் அமைத்த தூண்டில் வளைவுகள் சில இடங்களில் மணலைப் பிடித்தும் தந்தன. ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகிற மணலை நிறுத்துகிறது. அது நின்ற இடத்துக்கு வடக்கே இருப்பவர்கள் அடுத்த கல்லுக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது. 1875இல் கப்பலுக்காகத் தொடங்கிய கல் வரிசை இப்படித்தான் கரைநெடுக வடக்கே நடந்துபோனது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபின், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டைப் பற்றியே இப்போது கவலைப்படுகிறோம்.

சென்னைக்குப் பேரலை ஆபத்து குறைவு என்பது இன்னொரு வாதம். ஆழமற்ற கடலில்தான் புயல் நீரைக் குவித்து உயர்த்தும். 1964இல் தனுஷ்கோடியும் 1977இல் ஆந்திரத்தின் திவிசீமையும் அப்படித்தான் அழிந்தன. சென்னைக்கு எதிரே கடல் சற்று விரைவாகவே ஆழமாகிறது என்பது உண்மை. ஆனால் எர்ணாவூர் மூழ்க ஆளுயர அலை தேவையில்லை. கடல் மட்டம் சற்று உயர்ந்து முகத்துவாரத்தை அடைத்தால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. இங்கே பெய்த பெருமழையின் நீர் கொசஸ்தலையாற்றிலும் கால்வாயிலும் நிரம்பி, மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயோடு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நீர் பரவி நிற்கவேண்டிய அலையாத்தியும் உப்பளமும் கழிவெளியும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் நிலக்கரிக் கிடங்குகளுக்கும் போய்விட்டன. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊரும் இதுவே. கடலுக்குப் பயந்து நகர்த்தியவர்களைக் கால்வாய் வெள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அப்படியென்றால் முகத்துவாரத்துக்கே கதவு போடலாமே? 1953 வெள்ளத்தில் 1,836 பேரை இழந்த நெதர்லாந்து, ராட்டர்டாமின் நீர்வழிக்கு 1997இல் அப்படியொரு கதவு போட்டது. ஆனால் நமக்குக் கடல் ஏறுவதும் வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகுவதும் ஒரே நாளில் நடப்பவை. கதவை மூடினால் உள்ளே பெருகும் ஆற்றுநீருக்குப் பரந்து நிற்கும் இடம் வேண்டும்; அந்த இடத்தைத்தான் முதலில் மீட்டாக வேண்டும். கதவுக்குப் பதில் சுவர் என்றால், அமெரிக்காவின் கால்வெஸ்டனில் 1900 புயலில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின் கட்டிய கடற்சுவர் ஊரைக் காத்தது. ஆனால் சுவருக்கு முன்னிருந்த மணற்கரை கரைந்து, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டும் நிலை வந்தது.

மணலைக் கொண்டுசேர்ப்பது நமக்கும் புதிதில்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தடுத்த மணலைத் தூர்வாரி நகரக் கடற்கரைக்குத் தருகிறார்கள். கரையை இழந்த புதுச்சேரி, 2018இல் கடலடியில் அமைத்த தடுப்பின் உதவியால் மணலைத் திரும்பப் பெற்றது. இதற்கு ஆண்டுதோறும் செலவாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் மணல் தடைபட்டதன் விலையை இத்தனை காலமும் குப்பத்து மக்கள் வீடுகளாகக் கட்டிவந்திருக்கிறார்கள். கப்பல் வழியை ஆழப்படுத்துவது துறைமுகத்தின் வழக்கமான செலவாக இருப்பதுபோல, தடுத்த மணலை வடகரைக்குக் கொண்டுசேர்ப்பதும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டும்.