பன்னிரண்டு வயதுப் பரிசு: தலைக்கோல் முதல் பள்ளிக் கேடயம் வரை



சிறு வயதில் வாங்கிய முதல் பரிசு எது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு எவர்சில்வர் தட்டு, ஒருவருக்கு கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்கு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கிண்ணம். பொருளின் விலை சில வெள்ளிதான் இருந்திருக்கும். ஆனால் பெயரைக் கூப்பிட்டது யார், மேடைக்கு எந்தப் பக்கமாக ஏறினோம் என்பதெல்லாம் நாற்பது வருடம் கழித்தும் ஞாபகத்தில் இருக்கிறது.

எங்கள் மெர்சிங்கில் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணத்தின் தங்க நிறம் உரிந்துவிடும். அடிப்பலகையில் ஒட்டிய பெயர்த்தகடு விழுந்துவிடும். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீளும். தாழ்வான இடத்தில் வீடு இருப்பவர்கள் வெள்ள எச்சரிக்கை வந்ததும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரத்தோடு பிள்ளைகளின் சான்றிதழ் ஃபைலையும் சேர்த்துத்தான் மேலே தூக்கி வைப்பாங்க. படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளையின் ஃபைலாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் காகிதத்தை இனி யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு ஏன் அதற்கு இத்தனை மதிப்பு?

இந்தக் கேள்விக்கு விடை தேட நம் இலக்கிய வரலாறே நல்ல இடம்.

மாதவி வாங்கிய பட்டம்

தமிழ் இலக்கியத்தில் மிக விரிவாகப் பேசப்படும் பரிசளிப்பு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு நடந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். மாதவி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறுகிறாள். பரிசாக அவள் பெற்றவை 'தலைக்கோல்' என்னும் பட்டம், பச்சை மாலை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். கழஞ்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் என்று கொண்டால், ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட தங்கம்!

தலைக்கோல் என்பது என்ன தெரியுமா? போரில் புறமுதுகிட்ட அரசனிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பு. அதன் கணுக்களில் நவமணி பதித்து, இடைப்பட்ட பகுதியைப் பொன் தகட்டால் மூடி, புனித நீராட்டி, யானைமீது ஊர்வலமாகக் கொண்டுவந்து அரங்கில் வைத்தார்கள். நாட்டியத்தில் சிறந்தவளுக்கு நாட்டின் வெற்றிச் சின்னமே அடையாளமானது. இந்தப் பட்டம் கதையோடு நின்றுவிடவில்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் பலர் பெயரோடு 'தலைக்கோலி' என்ற பட்டம் சேர்ந்து வருகிறது.

ஆனால் அதே காதையின் முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பரிசாக வந்த மாலையை மாதவியின் பணிப்பெண் கூனி நகர இளைஞர்கள் நடமாடும் வீதிக்கு எடுத்துப் போகிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து இதை வாங்குகிறவரே மாதவிக்கு உரியவர் என்று விலை கூறுகிறாள். கோவலன் வாங்குகிறான். ஏழாண்டு உழைப்புக்குச் சாட்சியாகக் கிடைத்த மாலை, சிறிது நேரத்தில் விலைச்சீட்டாக மாறிவிட்டது. மாதவியின் விருப்பத்தை அங்கே யாரும் கேட்டதாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. பரிசு எப்போது பெருமை, எப்போது விலை என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது, இல்லையா?

கொடுப்பது எளிது

சங்ககாலப் பரிசுகளின் பட்டியல் நீளமானது. பாணருக்குப் பொற்றாமரை, விறலியருக்குப் பொன்னணி, படைத்தலைவருக்கு ஏனாதி மோதிரம், வணிகருக்கு எட்டிப்பூ எனத் தகுதிக்கேற்ற அடையாளங்கள் இருந்தன. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசை அளவோடு பதிவு செய்துள்ளன. இரண்டாம் பத்துப் பாடிய குமட்டூர்க் கண்ணனார் 500 ஊர்களைப் பெற்றார். ஆறாம் பத்துப் பாடிய பெண்பாற் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் அணிகலனுக்கென ஒன்பது கா பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றார்.

இவ்வளவு கொடுத்த காலத்தில்தான் கொடுப்பதைப் பற்றிய மிகக் கடுமையான விமர்சனமும் எழுந்தது. புறநானூற்றின் 121-ஆம் பாடலில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: நாலாபுறமிருந்தும் பலர் பரிசு நாடி வருவார்கள், பொருளைக் கொடுப்பது மிக எளிது, யார் என்ன தகுதி உடையவர் என்று அறிவதுதான் கடினம், ஆகவே புலவர் அனைவரையும் ஒரே மாதிரி நோக்குவதை விட்டுவிடு. தகுதி அறியும் இந்தச் செயலுக்குத் தமிழில் 'வரிசை அறிதல்' என்று பெயர். மாணவர்களே, இந்தத் தொடரைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 'வரிசை' என்பது ஒருவருக்குரிய தகுதி, சிறப்பு. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று எண்ணுகிற வரிசை வேறு.

பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அதியமான் நெடுமானஞ்சி அவரை நேரில் காணாமலே பரிசு அனுப்புகிறான். வறுமை வாட்டியும் புலவர் அதை வாங்கவில்லை. தான் வணிகத்துக்கு வந்தவன் இல்லை என்றும், தன் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவே ஆனாலும் இனிது என்றும் சொல்லிவிட்டார் (புறம் 208). பசித்த ஒருவர் பரிசை மறுக்கிறார் என்றால், அவர் எதிர்பார்த்தது என்ன? தன்னை ஒருவர் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். பழைய ஃபைலை நாம் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது 'ஒருவர் என்னைப் பார்த்தார்' என்பதற்கான ரசீது.

மலாயாவில் தொடர்ந்த மரபு

நம் நாட்டுக்கு வருவோம். 1952-இல் தமிழ் முரசு கோ. சாரங்கபாணியின் முயற்சியில் தமிழர் திருநாள் தொடங்கியது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பேச்சு, கட்டுரை, பாட்டுப் போட்டிகள் நடந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக மேடை ஏறியது இத்தகைய விழாக்களில்தான். 1970-களில் தமிழ் நேசன், ஆசிரியர் முருகு சுப்பிரமணியன் காலத்தில், சிறந்த சிறுகதைகளுக்குப் பவுன் பரிசுத் திட்டம் நடத்தியது. பாணரின் பொற்றாமரைக்கும் இந்தப் பவுனுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு. ஆனாலும் பொன் கொடுத்துச் சொல்லைப் போற்றும் பழக்கம் மாறவே இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் 'பேரவைக் கதைகள்' போட்டியில் மாணவர்களுக்கும் பிரிவு உண்டு.

பள்ளிக்கூடத்துக்குக் கிண்ணம் வந்தது ஆங்கிலேயர் விளையாட்டு மரபிலிருந்து. அதில் சுவையானது சுழற்கிண்ணம். ஜெயித்தவர் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1949-இல் முதல் தாமஸ் கிண்ணத்தை மலாயா வென்றது. கிண்ணம் பிறகு பல நாடுகள் சுற்றியது, 1992-இல் கோலாலம்பூரில் மீண்டும் நம் கைக்கு வந்தது, மறுபடியும் போய்விட்டது. பழைய கிரேக்க ஒலிம்பிக்கில் ஜெயித்தவருக்குக் கிடைத்தது காட்டு ஒலிவ இலை வளையம் மட்டுமே. மாதவியின் பச்சை மாலை போல அதுவும் சில நாளில் வாடிவிடும். பொருள் கையில் தங்காவிட்டாலும் பெயர் தங்குகிறது.

யூ.பி.எஸ்.ஆர். போன பிறகு

என் வயதுக்காரர்களுக்குப் பன்னிரண்டு வயதுப் பரிசு என்றால் யூ.பி.எஸ்.ஆர். தான். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் 2015 வரை ஏழு தாள்கள் எழுதினார்கள். 'ஏழு ஏ' எடுத்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரும். அதை வெட்டி லேமினேட் செய்து வைக்காத வீடு குறைவு. 2016 முதல் தாள்கள் எட்டாயின. 2019-இல் கடைசியாக நடந்தது. கோவிட் காரணமாக 2020-இல் ரத்தாகி, 2021-இல் தேர்வே அகற்றப்பட்டது. 2022-இல் பிடி3-யும் போனது. இன்று எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்கு அதுவே முதல் பொதுத்தேர்வு.

'ஏழு ஏ' காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள், தொலைந்தது நல்லது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. அந்தப் படங்கள் பல ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையான பெருமை தந்தன. அதே படங்கள் ஐந்து ஏ எடுத்த பிள்ளையை ஒரு பக்கத்தில் உட்கார்ந்து அழவும் வைத்தன. கூனியின் கையிலிருந்த மாலை போல, பிள்ளைக்குரிய பரிசு பள்ளியின் விளம்பர விலையாக மாறிய இடங்களும் இருந்தன.

இப்போது சில இடங்களில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம். கலந்துகொண்ட எல்லாருக்கும் ஒரே சான்றிதழ், பெயர் மட்டும் மாறும். அன்பான எண்ணம்தான். ஆனால் கபிலர் 'ஒரே மாதிரி நோக்காதே' என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான். தேர்வு இருந்தபோது வரிசை அறியும் வேலையை மதிப்பெண் செய்துவிட்டது. தேர்வு போனதும் அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

எங்களைப் போன்ற சிறிய ஊர்களில் இது இன்னும் முக்கியம். இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்க 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது 1996 கல்விச் சட்டம் சொல்லும் கணக்கு. பெரிய நகரத்துக்கு அது சின்ன எண். இங்கே அந்த 15-ஐத் திரட்டுவதே பெரும்பாடு. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் தமிழுக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

செய்து பார்க்கலாம்

ஆசிரியர்களே, அடுத்த பரிசளிப்பு விழாவில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். சான்றிதழில் 'சிறந்த மாணவர்' என்று பொதுவாக எழுதாமல், காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். 'வகுப்பில் பேசவே தயங்கியவர், இந்த ஆண்டு மூன்று முறை மேடை ஏறினார்', 'ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதப் பழகினார்' என்பது போல. பெயரை அழைக்கும்போது அந்த வரியையும் சேர்த்து வாசியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இதனால் ஒரு காசு கூடுதல் செலவு இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அந்த ஒரு வரி எழுத, ஜனவரியிலிருந்தே நாம் கவனித்து வர வேண்டும். கபிலர் கடினம் என்று சொன்னது இந்தப் பகுதியைத்தான்.

மாணவர்களே, பரிசு, புகழ், உழைப்பு பற்றிய கட்டுரை வந்தால் மாதவியின் தலைக்கோலையும் பெருஞ்சித்திரனாரின் மறுப்பையும் அருகருகே வைத்து எழுதிப் பாருங்கள். இரண்டு சான்றும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும், கட்டுரைக்கு வலு கூடும். எழுதி முடித்த பின், வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ அவர்கள் வாங்கிய முதல் பரிசைப் பற்றிக் கேளுங்கள். அதைக் கொடுத்தவர் யார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதி வாருங்கள்.