பதினாலு இன்ச் டிவியும் மஞ்சள் துளையும்

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை பழைய இரும்புக்காரர் வருவார். போன வருடம் ஒருநாள் எங்கள் வீட்டு டிவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் காசு குடுக்க முடியாதுண்ணே. வேணும்னா சும்மா எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். அம்மா உள்ளேயிருந்தே சொன்னார்: "அது கவருமெண்டு குடுத்தது. எம் பேருல வந்தது. சும்மா எல்லாம் யாரும் தூக்கிட்டுப் போக வேணாம்."

முதுகு புடைத்த 14 அங்குல கலர் டிவி. அதில் எந்தப் பழுதும் இல்லை. செத்துப் போனது அதன் மேலே இருந்த செட்டாப் பாக்ஸ்தான். அந்த டிவியை ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்து ஸ்மார்ட் டிவியாக மாற்றினேன். எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதினால் பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் வயரைத் தேடப் போன இடத்தில் ஒரு வரலாறு கிடைத்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

படம் வந்த வழி

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அது சென்னைக்கு மட்டும்தான். தென் மாவட்டங்களில் பல ஊர்களுக்கு முதலில் எட்டிப் பார்த்தது இலங்கையின் ரூபவாகினி. 1982 பிப்ரவரி 15 அன்று அது தொடங்கியபின், உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்திருந்தவர்கள் கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்தார்கள். பின்னர் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. போடிக்கு மேற்கே ஏலமலை சுவர் மாதிரி நிற்கிறது. கொடைக்கானல் இருப்பது வடகிழக்கே. அதனால் எங்கள் தெரு மாடிகளில் இருந்த மீன்முள் ஆன்டெனாக்கள் எல்லாம் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீட்டு மாடியில் ஆன்டெனா கிடையாது. அம்மாவும் அப்பாவும் ஏலத்தோட்டக் கூலிகள். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் காயெடுக்கப் போய்விட்டு இருட்டியபின் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்ப்பது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகத்தான். அவர்கள் நல்லவர்கள், உள்ளே கூப்பிடுவார்கள். அம்மாதான் போகமாட்டார். "நின்னு பாத்தாத்தான் நெனச்சப்ப வரலாம்" என்பார்.

பேரில் வந்த பெட்டி

2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டிவி வாக்குறுதி தந்தது. அந்த ஆண்டே செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. ஆட்சி மாறியதும் டிவி நின்று, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன.

இது சரியா தவறா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு. 2013 ஜூலை 5 அன்று, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அதேசமயம் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. இன்றும் 'இலவசம்' என்று பேச்சு வந்தால் இந்தத் தீர்ப்பைத்தான் எடுப்பார்கள். அந்த விவாதத்தில் நான் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மா ஜன்னலில் நிற்பதை நிறுத்தினார்.

அப்புறம் கேபிள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. கேபிள் முழுக்க டிஜிட்டல் ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் 2011-இல் சட்டம் திருத்தியிருந்தது. முதலில் பெருநகரங்கள், கடைசிக் கட்டமாக 2017-இல் எங்களைப் போன்ற ஊர்கள். செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது என்று ஆனது.

இங்கே ஒரு வேடிக்கை. செட்டாப் பாக்ஸ் என்பது என்ன? ஒரு புராசசர், கொஞ்சம் மெமரி, ஒரு மென்பொருள், படத்தை விரித்துக் காட்டும் ஒரு சிப். அதுவும் ஒற்றைப் பலகைக் கணினிதான். நாங்கள் திறக்க முடியாதபடி பூட்டிய கணினி. அம்மாவின் டிவியில் கம்ப்யூட்டரை மாட்டிய முதல் ஆள் நான் இல்லை, கேபிள்காரர்தான்!

மஞ்சள் துளை

பழைய டிவியின் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டத் துளை இருக்கும். பக்கத்தில் ஒலிக்கு வெள்ளை. இந்தச் செருகி அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களில் ரேடியோகிராம்களுக்குள் வயர் இணைக்க உருவாக்கியது. அதே வடிவம் விசிஆர், விசிடி, டிவிடி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

டிவியைக் கம்ப்யூட்டர் திரையாக்குவதும் புதிதில்லை. 1981-இன் பிபிசி மைக்ரோ, 1982-இன் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் இரண்டுமே வீட்டு டிவியில் மாட்டி ஓட்டியவை. தனியாக மானிட்டர் வாங்க யாரிடம் காசு? இந்தியாவில் 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான 'கிளாஸ்' கூட பிபிசி மைக்ரோவைத்தான் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. அதைச் செய்த ஏக்கார்ன் நிறுவனத்தில் 1985-இல் பிறந்ததுதான் ஆர்ம் புராசசர். இன்று உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் ஓடுவது அதன் பேரப்பிள்ளை.

2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெர்ரி பை வந்தது. சீட்டுக்கட்டு அளவு, 35 டாலர், உள்ளே ஆர்ம். மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள் பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தவை. எச்டிஎம்ஐ துளை இருந்தும், அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மஞ்சள் துளையும் வைத்திருந்தார்கள். பழைய டிவி மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் கம்ப்யூட்டர் கற்கவேண்டும் என்பது கணக்கு. 2014-க்குப் பிறகு வந்தவற்றில் அந்த மஞ்சள் துளை ஹெட்போன் துளைக்குள் ஒளிந்துகொண்டது. 2023-இல் வந்த பை 5-இல் ஹெட்போன் துளையே கிடையாது. பழைய டிவிக்கு வேண்டுமென்றால் பழைய மாடல்தான் தேட வேண்டும்.

போடியில் கோடி

என்னிடம் பை 3 இருந்தது. 2016-இல் வந்தது, வைஃபை உள்ளேயே உண்டு. அதில் 'கோடி' என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். (பெயர்தான் கோடி, விலை பைசா இல்லை. 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதியது.) மாட்டும்போது நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும்.

முதலாவது வயர். ஒருபக்கம் ஹெட்போன் முனை, மறுபக்கம் மூன்று வண்ணம். பார்க்க எல்லாம் ஒன்றுதான், உள்ளே வரிசை வேறு. பை எதிர்பார்ப்பது நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, தரை, படம். கேம்கார்டர் வயர்களில் படமும் வலது ஒலியும் இடம் மாறியிருக்கும். என் வயரில் மஞ்சளைச் செருகினால் ஒன்றுமில்லை, சிவப்பை எடுத்து மஞ்சள் துளையில் செருகியதும் படம் வந்தது.

வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். "என்னப்பா, எங்க காலத்துக்கே போயிருச்சு?" என்றார் அம்மா. பை வழக்கமாக அனுப்புவது அமெரிக்க என்டிஎஸ்சி முறை, 525 வரிகள். நம் டிவிகள் பால் முறை, 625 வரிகள். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் வண்ணம் வந்தது.

அடுத்து, திரையின் மூலையில் ஒரு மின்னல் குறி. பைக்கு வரும் 5 வோல்ட், 4.63-க்குக் கீழே இறங்கினால் அது எச்சரிக்கும். பழைய போன் சார்ஜர்தான் குற்றவாளி, 2.5 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் போனது. கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்டு கெட்டுவிடும் என்பது எல்லோரும் சொல்லும் பயம். அடிவாரத்தில் காற்று பலமாக அடித்தாலே எங்களுக்குக் கரண்ட் போகும். அதனால் கணினியின் மூலக் கோப்புகளை எழுத முடியாத வடிவில் வைக்கும் லிப்ரீஎலெக் என்ற லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். இதுவரை பிழைத்திருக்கிறது.

கடைசியாக ரிமோட். ஒரு அகச்சிவப்பு ரிசீவரைப் பையின் மூன்று கால்களில் மாட்டி, செத்துப்போன செட்டாப் பாக்ஸின் ரிமோட்டையே பழக்கினேன். அம்மாவின் விரலுக்குத் தெரிந்த பொத்தான்கள் அவை.

"இதுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கலாமே" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. புது டிவியில் படம் துல்லியம், கரண்டும் குறைவு. ஆனால் 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது, 2012-லும் அதற்கு முன்னும் வந்த ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் அதன் செயலி நின்றது. 2019 டிசம்பரில் சில பழைய மாடல்களை நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டது. கண்ணாடி நன்றாகவே இருந்தது, உள்ளே இருந்த புத்திதான் காலாவதி. தனியாக மாட்டிய புத்தி என்றால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இன்னொன்று, அந்தப் பழைய படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இரும்புக்காரர் சும்மா எடுத்துப்போய் செம்புக்காக உடைத்துப் போட்டால் அது எங்கள் ஊர் மண்ணில்தான் கிடக்கும்.

176-க்கு 144

இதெல்லாம் நான் தம்பிக்குச் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம் வேறு.

அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் அசைந்து பேசும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். பழைய பட்டன் போனில் நான் எடுத்தது, 176-க்கு 144 புள்ளி. மலையில் ஸ்டோர் வாசலில் நின்று, அன்றைக்கு எடுத்த காயின் எடையை யாருக்கோ சத்தமாகச் சொல்கிறார். பின்னால் மழை. மொத்தம் நாற்பது நொடி. போன் திரையில் காட்டினால் அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பி வீட்டு 43 அங்குல டிவியில் போட்டோம். முகம் ஓடு ஓடாக உடைந்து தெரிந்தது. "வேணாம், நிறுத்து" என்று சொல்லிவிட்டார்.

14 அங்குலப் படக்குழாய் அவ்வளவு கூர்மையாகக் காட்டாது. ஒரு புள்ளியின் ஓரம் அடுத்த புள்ளியில் கொஞ்சம் கரைந்துவிடும். புதுத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது இதில் முகமாகச் சேர்ந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். போட்டேன். சேர்ந்தது.

அம்மா கிட்டே போய் உட்கார்ந்தார். படம் முடிந்தது. ரிமோட்டைத் தானே எடுத்து அழுத்தினார். மூன்றாவது முறை ஓடியபின் சொன்னார்: "எடையைத் தப்பா சொல்றாரு பாரு. அன்னிக்கு என் மூட்டையும் சேத்துச் சொல்லணும்ல."